யாழினியின் முதல் முடி

உப்பூர்ப் பக்கத்து விவசாயி குருநாதனின் மகள் யாழினிக்கு ஒரே நாளில் மூன்று இடங்களில் மொட்டை போட்டார்கள். மூன்றும் முதல் முடிதான். பிறந்த வருஷமே மூளைக்காய்ச்சல் வந்து பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆளுக்கொரு பக்கம் வேண்டிக்கொண்டதில் வந்த வினை. பிழைத்தால் முதல் முடி உனக்கு என்று குருநாதன் குலசாமி கருப்பரிடம் சொன்னான். அவன் மனைவி மதுமதி அதையே ஏர்வாடி தர்காவுக்குச் சொன்னாள். அவன் அக்காள் மீனம்மாள் ஓரியூர் அருளானந்தர் சர்ச்சுக்குச் சொன்னாள். டிவி சீரியலைத் தவிர வேறெதையும் கலந்து பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. பிள்ளை பிழைத்தது. தலை ஒன்றுதான் இருந்தது.

வாக்குத் தவறினால் காய்ச்சல் திரும்பிவிடும் என்று மதுமதிக்குச் சோறு இறங்கவில்லை. மொட்டைக்கு மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் பிரபாகரனோ மதுரையில் செல்போன் கடை வைத்திருப்பவன்; அங்கே புதிதாகப் பிடித்துக்கொண்ட வீராப்போடு வந்து இறங்கினான்.

"நம்ம சாமிக்கு மட்டுந்தான் என் மடி. மத்த எடத்துல உட்கார மாட்டேன்."

மதுமதி கரண்டியைக் கீழே வைத்தாள். "கூப்பிட்டப்ப மூணு பேருந்தானண்ணே வந்தாக? இப்ப ஒருத்தருக்கு மட்டும் எலையப் போட்டுட்டு, மத்தவகள வாசல்லயே நிக்க வைக்கவா? நம்ம கருப்பரே கோவிச்சுக்கிருவாரு."

"அதெல்லாம் வேற சாமி, புள்ள."

"சாமி வேறன்னா, காய்ச்சல் மட்டும் ஒரே காய்ச்சலா?"

காலையில் கருப்பர் கோயிலில் மழித்துச் சந்தனம் பூசினார்கள். வேனில் ஏறியதும் பிள்ளை மாமன் மடியிலேயே தூங்கிப்போனது. ஆர்.எஸ்.மங்கலம் தாண்டுகையில் சந்தனத்தைத் தள்ளிக்கொண்டு முடி முளைத்தது. ஓரியூரில் இறங்கும்போது அதே சுருட்டை, அதே பால்வாசனை. பேன்கூட இருந்ததாக மீனம்மாள் சொல்கிறாள். அவள் பேச்சில் பாதியைத்தான் நம்பலாம். பிரபாகரன் யாரும் சொல்லாமலே போய்ச் செம்மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அங்கே மழித்த முடி, ராமநாதபுரம் டிராபிக்கில் வண்டி நின்றபோது மறுபடியும் வளர்ந்தது. கண்ணாடியில் பார்த்த டிரைவர், பிள்ளைக்கு வேர்க்குமே, ஏசியைக் கூட்டவா என்று கேட்டதோடு சரி.

ஏர்வாடியில் சாயங்காலம், சாம்பிராணிப் புகைக்கு நடுவே, கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு பிரபாகரன் மடி கொடுத்தான். மழித்து முடித்ததும் வேட்டியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"அடுத்து எங்கன போகணும்?"

"அம்புட்டுத்தாண்ணே," என்றாள் மதுமதி. "வேற யாரையும் நாங்க கூப்பிடல."