பன்னீர் ரோஜாவின் வேர்மண்

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அன்னாள் குடியிருந்த வீடு அவள் கையை விட்டுப் போனது. கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டை மகன் டிஜோ பேருக்கு மாற்றித் தரும்படி கேட்டிருந்தாள். அவன் தோட்ட வேலைக்கே வருவதில்லை, குமுளியில் ஜீப் ஓட்டுகிறான் என்று ஆபீஸில் போய்ச் சொன்னவள் பக்கத்து வீட்டு ஜின்சி. தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்குத்தான் லயத்து வீடு; சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் அன்னாளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கடைசியில் வீடு ஜின்சியின் புருஷன், சூப்பர்வைசர் ஜோஜோவுக்கே என்று முடிவானது; அன்னாள் காலி செய்ய வேண்டியதுதான் பாக்கி.

வீடு போனால் போகட்டும். பின்முற்றத்தில் நின்ற இரண்டு பன்னீர் ரோஜாச் செடிகளை அவள் விட்டுப்போவதாக இல்லை. டிஜோ பிறந்த வருஷம் நட்டவை. அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன். அவ்வளவு வயதான செடியை எடுத்த எடுப்பில் பெயர்த்தால் பிழைக்காது. அதனால் மழைக்கு முந்தியே ஒரு பக்கம் வளைத்துக் குழி வெட்டி, வேரை அறுத்து, மக்கின சாணியும் மண்ணும் போட்டு மூடினாள். அங்கே புது வேர் விட்டபிறகு எடுக்கலாம் என்றிருந்தாள்.

மறுநாள் காலையில் அந்த இடத்தில் ஆவி பறந்தது. சோறு வடித்த கொதிகஞ்சியை ஜின்சி அங்கேதான் கொட்டியிருந்தாள்.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

"எங்களுக்கு வரப்போற பின்முத்தம்தான? எங்க வேணா ஊத்துவேன்."

"நான் காலி பண்ணுறவரைக்கும் இது என் வீட்டு முத்தம்டீ!"

"அப்ப சீக்கிரம் பண்ணுங்க. செடியத் தொடாமப் பண்ணுங்க."

இனி காத்திருந்தால் செடி மிஞ்சாது. மறுநாளே அன்னாள் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். ஆழத் தோண்டி, வேரைப் பிடித்திருந்த மண் உதிராமல் இரண்டையும் சாக்கில் கட்டினாள். டிஜோ ஜீப்போடு வந்து நின்றான். ஏற்றப்போகும்போது ஜோஜோ வந்து மறித்தான்.

"யக்கா, செடி வேணா ஒங்களோடதா இருக்கட்டும். எஸ்டேட் மண்ணு ஒரு பிடி வெளிய போகக்கூடாது. நான் ஒரு வார்த்தை சொன்னா கேட்ல வண்டியப் பிடிச்சு வச்சிருவாங்க."

அவன் முதுகுக்குப் பின்னால் ஜின்சி சிரித்தாள். லயத்து வாசல்களில் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

அன்னாள் சாக்கை அவிழ்த்தாள். செடிகளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மண் கரைந்தது. மண்ணோடு மயிர் போன்ற வேர்களும் அறுந்து போயின. தன் கையாலேயே கொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கை நிற்கவில்லை.

"எம்மா, செத்துப்போயிரும்மா" என்றான் டிஜோ.

"சாகட்டும்."

சேற்றைக் கூடையில் வழித்தெடுத்து, ஜின்சியின் வாசற்படியில் கொட்டினாள்.

"இந்தா ஒங்க எஸ்டேட் மண்ணு. அள்ளி வச்சுக்க!"

குமுளிக்கு வெளியே டிஜோ வாங்கியிருந்த துண்டு நிலத்தில், அன்றைக்கே பிடித்துக்கொண்ட முதல் மழையில் நனைந்துகொண்டு நட்டாள். ஒன்று அடியிலிருந்து கறுத்துச் செத்தது. மற்றது மழைக்காலம் முழுக்க வெறும் குச்சியாக நின்றுவிட்டு, பிறகு ஒரே பக்கத்தில் துளிர்த்தது. பூக்கவும் செய்தது, பழைய செடியில் பாதிகூட இல்லாமல்.

கிறிஸ்துமஸ் கழிந்து, அன்னாள் அந்தச் செடியைக் கவாத்து செய்துகொண்டிருந்தபோது லயத்திலிருந்து நிமி வந்தாள். அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி. காப்பி குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஜின்சி மக கோயில்ல மொத மொதலா புதுநன்மை வாங்கப் போறா. வீட்டுல ஒரு பன்னீர் ரோஜா இருந்தா நல்லாருக்கும்னு ஜின்சி சொன்னா. நட்டு வைக்க ஒரு குச்சி கேட்டா. பிள்ளைக்காகத்தானக்கா."

வெட்டின குச்சிகள் காலடியில் கிடந்தன. அன்னாள் அத்தனையையும் வாரிக்கொண்டுபோய் அடுப்பில் திணித்தாள். பச்சைக் குச்சி எரியாமல் வீட்டைப் புகையால் நிறைத்தது. இருமிக்கொண்டே குனிந்து ஊதினாள்.

"குச்சி இல்லன்னு சொல்லிரு."