இழுக்கவா, இடிக்கவா

சாலமோனின் காலை எந்த உயரத்தில் உடைக்க வேண்டும் என்பதை என் வீட்டுக்காரரின் ஊன்றுகோலை வைத்துத்தான் முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் கோலை ஜோடியாகக் கொடுத்திருந்தார்கள். வில்சன் ஒன்றைத்தான் ஊன்றுவார். மற்றது கதவுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே எங்கே முடிந்துபோனதோ, அந்த உயரத்தில் சும்மா கிடந்த கோலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கோலை ஜீப்புக்குள் எறிந்துவிட்டு மேலப்பாளையத்துக்குக் கிளம்பினேன். என்ன விஷயமாக என்று வில்சன் கேட்டதற்கு, பின்னால் இரும்பு பம்பர் போட்டால் சேற்றில் மாட்டுகிற வண்டிகளை இழுத்துவிடலாம், வருமானத்துக்கு ஆகும் என்றேன். அவர் தலையாட்டினார்.

சாலமோன் வெளியாள் இல்லை. வில்சனின் சித்தப்பா மகன். நான் கல்யாணமாகி ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்த நாளிலிருந்து 'மைனி, மைனி' என்று என் அடுக்களையைச் சுற்றி வந்து, என் கையால் மீன்குழம்பு தின்று வளர்ந்தவன். ஆற்றங்கரையில் இரண்டு வீட்டு வாழைத்தோட்டமும் அடுத்தடுத்து. பெருவெள்ளத்தில் எல்லைக்கல் எல்லாவற்றையும் ஆறு கொண்டுபோய்விட்டது. நடுவில் இருந்த வண்டிப்பாதை யாருடையது என்று அதற்குப் பிறகு பேச்சு ஆரம்பித்தது. அது தடித்து, கைகலப்பாகி, ஒருநாள் என் வீட்டுக்காரரின் காலில் வந்து முடிந்தது.

எங்கள் ஜீப்புக்குக் கம்பெனி வைத்த பெயர் தார். ஏற்றுவது வாழைத்தார். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் ஊரில் கிடையாது. ஓட்டுவது நான் என்பதில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு. அன்றைக்கும் ஸ்டீயரிங்கில் நான்தான் இருந்தேன். வில்சன் பின்னால் நின்று தார்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சாலமோன் தன்னுடைய பிக்கப்பில் வந்தான். முன்பக்கம் பைப்பை வளைத்து ஒரு இரும்புக் கிராதி மாட்டியிருப்பான். போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, யார் கேட்கிறார்கள். மிரட்டத்தான் இப்படி வருகிறான், பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. எங்கள் பம்பர் அப்பளமாக நொறுங்கிய சத்தம் கேட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வில்சன் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பிக்கப்பின் கண்ணாடியில் வெயில் அடித்ததால் சாலமோனின் முகம் தெரியவில்லை.

வில்சன் அலறவில்லை. "ஏலே சாலமோன், பைய எடுலே," என்றார். "பைய."

மெதுவாக எடுக்கச் சொன்னதற்கு, பிக்கப் வெடுக்கென்று ஒரு குதி குதித்துப் பின்னால் போனது. கிராதியில் ஒடிந்து நின்ற பைப்பு முனை காலுக்குள் இறங்கியிருந்தது. அது காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. சதை கிழிகிற சத்தம் துணி கிழிகிற சத்தம் போலவே இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நசுங்கினது மட்டும் என்றால் காலைக் காப்பாற்றியிருக்கலாம், இழுத்துக் கிழித்ததில்தான் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். பிரேக் பிடிக்கவில்லை என்று சாலமோன் ஸ்டேஷனில் சொன்னான். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து, ரத்த உறவாயிற்றே, மன்னித்துவிடு என்றார்கள். அவர்கள் காப்பி குடித்த டம்ளர்களை நான் கழுவக்கூட இல்லை, அள்ளித் தெருவில் எறிந்தேன். இடித்ததைக்கூட மன்னிக்கலாம். பைய எடு என்று கெஞ்சின பிறகும் வெடுக்கென்று எடுத்தானே, அதை எப்படி மன்னிப்பது?

மேலப்பாளையத்தில் காஜா முகைதீனின் வெல்டிங் பட்டறை இருக்கிறது. துபாயில் பாலைவனத்தில் ஓடுகிற வண்டிகளுக்கு பம்பர் செய்துவிட்டு வந்தவர். அதை வருகிறவர்களிடமெல்லாம் ஒரு தரம் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஜீப்பைச் சுற்றி வந்தார். கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எதுக்குப் போடுத தங்கச்சி? இழுக்கவா, இடிக்கவா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் இரும்பைத் தொடவே மாட்டார்.

"இழுக்கத்தான் அண்ணாச்சி," என்றேன்.

அந்த ஒரு பொய்யில் பம்பரின் ஜாதகமே மாறிவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது கனத்த தகட்டில் ஒரே ஒரு பலகை. அவரோ இழுப்பதற்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். பாடியில் மாட்டினால் முதல் இழுப்பிலேயே பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம், சேஸிஸில்தான் போல்ட் போட வேண்டுமாம். ஏற்கெனவே வாழைத்தார் சுமக்கிற வண்டி, கனம் கூடினால் பின் ஸ்பிரிங் தொங்கிப்போகும், ஆகையால் தகடு மெல்லிசாக இருக்கட்டும் என்றார். இரண்டு மூலையையும் மேலே ஏற்றி வெட்டாவிட்டால் வாய்க்கால் கரை ஏறும்போது தரையில் தட்டும். ஸ்டெப்னி மாட்டிய கதவு திறக்க இடம் வேண்டும். நம்பர் பிளேட் மறையக் கூடாது. பழைய பிளாஸ்டிக் பம்பர் நொறுங்கியதை நான் திட்டியபோது, அது உடைவதற்குத்தான் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். மோதுகிற அடியை அது வாங்கிக்கொள்ளுமாம். இரும்பு வாங்காதாம், அப்படியே உள்ளே இருக்கிறவன் கழுத்துக்கு அனுப்பிவிடுமாம். ஆகவே வீட்டில் போய் யோசித்துவிட்டு வா, அவசரமில்லை என்றார்.

எனக்கு அவசரம் இருந்தது. கோலை எடுத்து வந்து வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, இந்தக் கோட்டு உயரத்துக்கு வேண்டும் என்றேன். இழுக்கிற கொக்கிக்கு இவ்வளவு உயரம் ஆகாது, தாழ இருந்தால்தான் பிடிமானம் என்று ஒரு பாட்டம் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் உயரம் என்னுடையது, கொக்கி அவருடையது என்று முடிந்தது. மேல்நோக்கி வளைந்த இரண்டு கொக்கி, ஒவ்வொன்றும் என் கை கனம் இருக்கும்.

மாட்டி முடித்ததும், பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு லாரியில் சங்கிலியைப் போட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டிக் கம்பியை லோவில் தள்ளு என்றார்.

"லோவுல போட்டுட்டா நீ எம்புட்டு மிதிச்சாலும் வண்டி பையத்தான் போவும் தங்கச்சி. ஆனா ஆனையக்கூட இழுத்துட்டு வந்துரும்."

லாரி அசைந்து அசைந்து வந்தது. அவர் தாம் பெற்ற பிள்ளை நடப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொக்கியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட ஒரு மத்தியானம் அவன் அகப்பட்டான். வாய்க்கால் கரையில் பிக்கப்பை நிறுத்திவிட்டு, அதன் முன்னால் கிராதியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒடிந்த கிராதியை வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்து மறுபடியும் மாட்டியிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு காலிலும் நின்றுகொண்டு சிரித்தான். ஜீப்பைத் திருப்பினேன், ரிவர்ஸில் போட்டேன், மிதித்தேன்.

கடைசியில்தான் பார்த்தான். பானட்டில் ஏறத் துள்ளினான். ஒரு கால் ஏறிவிட்டது, மற்றது ஏறவில்லை. மோதிய அடியில் என் கழுத்து வெட்டிப் பின்மண்டை சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் போய் இடித்தது. காஜா அண்ணாச்சி சொன்னது சரிதான், இரும்பு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. பிக்கப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. வெள்ளத்தில் அரித்துப்போய், மண்ணைக் கொட்டிச் சும்மா மெழுகி வைத்திருந்த கரை அது. பின்சக்கரம் இரண்டும் கரையை உடைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கின. முன்பக்கம் மேலே தூக்கியது. தூக்கிய வேகத்தில் கிராதியின் கீழ்ப் பைப்பு என் இரண்டு கொக்கிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

இடிக்க வந்த என் வண்டியில் இப்போது பிக்கப் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே வாய்க்கால் நிறையத் தண்ணீர் சுழித்து ஓடியது. ஜீப்பும் சறுக்கிச் சறுக்கி அதை நோக்கிப் போனது. பிரேக்கை மிதித்தேன், கிளட்சை மிதித்தேன். கை தானாகப் போய்க் குட்டிக் கம்பியை லோவில் தள்ளி முதல் கியரைப் போட்டது. உயிர்ப்பயத்தில் கை பார்த்த வேலை அது, எனக்கு அதில் பங்கில்லை. ஜீப் நின்றது.

கண்ணாடியில் பார்த்தேன். சாலமோன் பானட்டில் கவிழ்ந்து கிடந்தான். ஏறாத காலைக் கொக்கிக்கும் பைப்புக்கும் நடுவில் இரும்பு கடித்துப் பிடித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே, நான் கோடு போட்ட அதே இடம். என் புது பம்பரில் ரத்தம் வழிந்தது. ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் கால் என்னோடு வந்துவிடும் என்று எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

"மைனி," என்றான். "பைய எடுங்க மைனி. பைய."

அந்தச் சொல்லை அவன் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேனோ, தெரியாது. இதைக் கேட்டதும் என் காதுக்குள் அந்தத் துணி கிழிந்தது. ஆக்சிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தேன். காலைப் பிய்த்துக்கொண்டு போகட்டும் என்றுதான் மிதித்தேன். அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

இன்ஜின் தோட்டமே அதிரக் கத்தியது. வண்டி பையப் போனது. மிதிக்க மிதிக்கப் பையத்தான் போனது. அழுதுகொண்டே மிதித்தேன். ஸ்டீயரிங்கைக் குத்தினேன். போ சவமே, போ என்று திட்டினேன். ஒரு வெட்டு இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற மாதிரி பிக்கப்பைக் கரைக்கு மேலே கொண்டுவந்து சமதரையில் நிறுத்தியது. பைப்பு தளர்ந்தது. சாலமோன் காலை உருவிக்கொண்டு மண்ணில் விழுந்தான்.

ஜாக்கி லிவரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கால் உடைந்து கோணியிருந்தது. ஆனால் இருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினான். பைய எடுத்தீங்களே, காலைக் காப்பாத்திட்டீங்களே என்று ஏங்கி ஏங்கி அழுதான். என் ஜென்மத்தில் எந்தக் கும்பிடும் எனக்கு அப்படி அருவருத்ததில்லை. கும்பிட்ட கையிலேயே லிவரால் அடித்தேன். விரல் ஒடிகிற சத்தம் கேட்டது.

"நான் பைய எடுக்கலலே," என்றேன். "ஒன் காலப் பிய்க்கத்தான் மிதிச்சேன். வண்டிதான் பைய வந்துட்டு."

அவன் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை.

"எனக்கு அது அப்படியே மாறிப் போச்சு மைனி," என்றான். "அன்னைக்கி நான் பைய எடுக்கத்தான் பாத்தேன். காலு நடுங்கிட்டு. வண்டிதான் குதிச்சிட்டு."

பொய் சொல்லாதே என்று லிவரை ஓங்கினேன். இடித்தது நீதானே என்று கேட்டேன். ஆமாம், இடித்தது நான்தான், மிரட்டத்தான் வந்தேன், அதற்கு அடியுங்கள் என்று தலையைக் குனிந்து காட்டினான். எடுத்ததற்கு மட்டும் அடிக்காதீர்கள் என்றான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அதற்குள் தோட்டங்களில் இருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். கரை இடிந்து பிக்கப் சரிந்துவிட்டது, மைனிதான் வந்து இழுத்துப் போட்டார்கள் என்று அவனே அவர்களிடம் சொன்னான். அவனைத் தூக்கி ஒரு காரில் ஏற்றினார்கள். ஒருவர் கொக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு ஏற்ற பம்பர் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது வில்சன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் நான் திருப்பி வைத்திருந்த கோல் அவருடைய மடியில் கிடந்தது. சாக்பீஸ் கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பம்பரில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை.

"உயிரோட இருக்கானா?" என்றார்.

இருக்கிறான், காலும் இருக்கிறது என்றேன். நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு அவன் பைய எடுக்கத்தான் பார்த்தானாம். நீங்கள் அவன் முகத்துக்கு நேராக நின்றீர்கள். நிஜமா என்று கேட்டேன்.

வில்சன் கோட்டைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"நெசந்தான். கண்ணாடிக்குள்ள அழுதுட்டு இருந்தான். கையும் காலும் ஒதறிட்டு இருந்துச்சு."

"அப்பமே ஏன் சொல்லல?"

"நீ அவனத் திட்டத் திட்டத்தான் ஏட்டி, என் காலுக்கு ஒரு மதிப்பு இருக்க மாதிரி இருந்துச்சு. மத்தவங்க எல்லாரும் காப்பி குடிச்சிட்டுப் போயிட்டாங்க."

நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த, அவர் தினமும் ஊன்றுகிற கோலை எடுத்துத் தெருவில் எறிந்தேன். அவரை அதுவரை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. அன்றைக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இந்தக் கையால் ஒருத்தனைக் கொன்றிருப்பேனே என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். என் கோபம் தீரவில்லை, இன்றைக்கு வரைக்கும் தீரவில்லை. ஆனால் மேற்கே கருத்துக்கொண்டு மழை வந்தது. முதல் தூற்றல் அவர் சட்டையில் விழுந்தது. தெருவில் இறங்கிப் போய்க் கோலை எடுத்தேன், ஒட்டியிருந்த சேற்றைச் சேலையில் துடைத்தேன், கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"பைய எந்திரிங்க," என்றேன்.