ரொனியின் ஒறுத்தல்

அந்தத் தவக்காலத்தில் ரொனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள், சாராயத்தை விட்டார்கள்; அவனைவிட்டு நிம்மதி போயிற்று. அதற்குக் காரணம் அவன் செய்யாத ஒரு புண்ணியம்.

கண்டியில் ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை செய்கிறான், வயது இருபத்தேழு. பதினான்கு வயதில் அவனுக்கு மார்பு வீங்கியது. அந்த வயதில் பல பையன்களுக்கு வீங்கும், பிறகு வற்றிவிடும். இவனுக்கு வந்தது வந்த இடத்திலேயே குடியிருந்துவிட்டது. கிளினிக் டாக்டர் இரத்தம் சோதித்துப் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. இது கொழுப்பில்ல, சுரப்பி. இத்தன வருஷம் ஆனதுக்கு மருந்து பெரிசா கேக்காது. ஆபரேஷன் வேணாம்னா இப்பிடியே இருக்கலாம், நெறையப் பேரு இருக்காங்க" என்றார்.

இருக்கலாமாம்! இருக்கிறவனுக்கல்லவா தெரியும். கத்திக்கும் பயம், கண்களுக்கும் பயம். ஒன்லைனில் தோல் நிறத்தில் ஒரு இறுக்கப் பெனியன் வாங்கி, அதன் மேல் தொளதொளவென்று கறுப்புச் சட்டை போட்டான். நாள் முழுக்கப் போடாதே என்று டாக்டர் சொன்னதை அவன் காதில் வாங்கவேயில்லை. பங்குனி வெயிலில் முதுகெல்லாம் தடித்துச் சிவந்து கிடந்தது. பஸ்ஸில் நிற்கும்போதும் கை தன்பாட்டில் சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும்.

அம்பிட்டியக் கோயிலில் ஊர் கூடித் துப்புரவு செய்யும் சிரமதானம் நடந்த அன்று, யாருமில்லையென்று நம்பி, பின்பக்கக் குழாயடியில் சட்டையையும் பெனியனையும் கழற்றி முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினான். பின்னால் வந்த யாகப்பர் முதுகை மட்டும் பார்த்தார். வருடாவருடம் பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவை சுமந்ததை நடித்துக் காட்டும் சிலுவைப்பாதையை நடத்துகிற மனிதர் அவர். தவக்காலத்தில் ஒரு இளைஞனின் முதுகில் பட்டை பட்டையாகச் சிவந்த தடம்! அவருக்கு வேறென்ன தோன்றும்?

"தம்பி, ஒடம்ப வருத்தி ஒறுத்தல் செய்யிறியா?" என்று கேட்டுக் கண் கலங்கினார்.

இல்லையென்றால் பிறகு என்னவென்று சொல்ல வேண்டும். ரொனி பேசாமல் நின்றான். அந்த ஊமைத்தனம் அவனுக்கு இன்னும் பெரிய பெயரை வாங்கித் தந்தது. ஞாயிறு பூசைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். இயேசுவாக நடித்துவந்த அன்ரனி கட்டாருக்குப் போயிருந்தான். அந்த வேடம் ரொனியின் தலையில் வந்து விழுந்தது.

அன்ரனி ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றியவன். இயேசுவின் ஆடைகளைக் களையும் பத்தாம் ஸ்தலத்தில் பெண்பிள்ளைகள் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். அதை நினைத்தே ரொனி இரவில் புரண்டான், பகலில் ஒரு இஞ்ச் ஆணி கேட்டவனுக்கு இரண்டு இஞ்ச் ஆணி கட்டிக்கொடுத்தான்.

அதையும் பொறுத்திருப்பான். குருத்தோலை ஞாயிறன்று பரிமளம் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மகள் சிறுநீரக வருத்தத்தில் படுத்திருக்கிறாள். "நீங்க செபிச்சா சாமி கேப்பாரு தம்பி. ஒங்க ஒடம்பு ஒறுத்த ஒடம்பு" என்றாள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பெரிய வெள்ளி காலையில், கோயில் பின்னறையில் கதவைச் சாத்திவிட்டு யாகப்பரிடம் எல்லாவற்றையும் கொட்டினான். யாகப்பர் வேடத்துக்கான அங்கிகளை எடுத்து விரித்தார்.

"பத்தாம் ஸ்தலத்துல செவப்பு அங்கிய மட்டும் உருவச் சொல்றேன். உள்ள வெள்ள அங்கி இருக்கட்டும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்" என்றார்.

தப்பித்தோம் என்று ரொனி பெருமூச்சு விட்டான். ஆனால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறும்போது பெனியன் நெஞ்சை நெரித்தது. மூன்றாம் முறை விழுந்தபோது அவன் நடிக்கவில்லை, மெய்யாகவே விழுந்தான்.

பத்தாம் ஸ்தலம். சேவகன் வேடத்திலிருந்த தினுஷன் சொன்னபடி சிவப்பு அங்கியை மட்டும் உருவினான். முன்வரிசையில் பரிமளம் முழங்காலில் நின்று ரொனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியைப் பார்க்கிற பார்வை. அவனுக்கு உடம்பு கூசியது. வெள்ளை அங்கியைத் தானே பிடித்து இடுப்புவரை இறக்கினான்.

பெனியனைக் கண்டதும் கூட்டம் முணுமுணுத்தது. அதுதான் ஒறுத்தல் உடுப்பென்று நினைத்துப் பரிமளம் சிலுவை அடையாளம் போட்டாள்.

"இல்லக்கா" என்றான் ரொனி. பெனியனைத் தலைவழியே இழுத்தான். வேர்வையில் ஒட்டிக்கொண்டு கழுத்தில் சிக்கியது. இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள், நெஞ்சு முழுவதும் வெளியே. தினுஷன்தான் பதறிப்போய்ப் பிடித்து உருவிவிட்டான்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு நாலைந்து பேர். யாரோ ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். பதின்மூன்று வருடமாக எதற்குப் பயந்தானோ அது ஒன்றுவிடாமல் நடந்தது. ரொனிக்கு அழுகை வந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கைகளைக் கட்டி மறைக்கவில்லை.

ஒலிவாங்கியோடு பக்கத்தில் நின்ற யாகப்பருக்கு வாசகம் வாயில் வரவில்லை. ஆடை களையப்பட்டவரைப் பார்த்து ஊர் நகைத்ததை வாசிக்க வேண்டிய இடம். அன்ரனி நின்ற வருடங்களில் அங்கே யாரும் சிரித்ததில்லை.

"வாசிங்கண்ணே" என்றான் ரொனி. "நா இப்பிடியே நிக்கிறேன்."

அது ஒலிபெருக்கியில் மேடு முழுவதும் கேட்டது.