வெள்ளைப் பறவைத் துணி

செர்வாவின் வீட்டு முற்றத்தில் போவாடு உட்கார்ந்து நெடுநேரமாகியும் யாரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் எதிரியே வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள்; குடித்து முடித்த பிறகுதான் என்ன விஷயமாக வந்தாய் என்று கேட்பார்கள். தண்ணீர் வரவில்லை என்றால், வந்த விஷயத்தைக் கேட்க அங்கே ஆளில்லை என்று பொருள். போவாடுவும் அதே ஜனம்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவன் தலைநகர் அக்ராவில் ஒரு சின்னத் தொலைக்காட்சியில் புலனாய்வுச் செய்தியாளன். இந்த ஊர் ஆற்றைத் தோண்டித் திருட்டுத்தனமாகத் தங்கம் எடுக்கிறார்கள். தண்ணீர் மஞ்சள் சேறாக ஓடுகிறது. இயந்திரங்கள் மாவட்டத் தலைவருடையவை என்பது ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தலைவரோ, ஆற்றில் இயந்திரமே கிடையாது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். கரையில் புளித்த சோளமாவை அவித்துக் கென்கே உருண்டை விற்கும் செர்வா ஒருத்திதான், அவரே நேரில் வந்து தங்கம் வாங்கிப்போவதைப் பார்த்தேன் என்று காமிராவுக்கு முன்னால் சொன்னாள்.

"என் மூஞ்சி தெரியாதுல்ல தம்பி?" என்று அன்றைக்குத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"உங்களப் பெத்த அம்மாவே பாத்தாலும் அடையாளம் தெரியாதுக்கா."

"அவ எங்க பாக்கப்போறா, போய்ச் சேந்து வருஷமாச்சு. இந்தத் துணியே அவ வருஷச் சடங்குக்கு எடுத்ததுதான்."

கறுப்பில் வெள்ளைப் பறவைகள் பறக்கும் துணி. போவாடு முறையாகக் கைகொடுத்துத் துக்கம் விசாரித்தான். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் முகத்தை இருட்டாக்கினான், குரலை மாற்றினான், துணியை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். சடங்குக்கென்று ஒரு குடும்பம் தனித் துணி எடுத்து, அந்த வீட்டுப் பெண்கள் மட்டும் தைத்துப் போடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? அவன் வீட்டுப் பெட்டியில் அப்படி எத்தனை துணிகள்! துக்கம் விசாரிக்கத் தெரிந்த மூளைக்கு இது உறைக்கவில்லை. என்ன படித்து என்ன?

முதல் பகுதி ஒளிபரப்பானது. அதில் செர்வாவின் உருவத்தைக் கொஞ்சம்தான் காட்டினார்கள். அவள் தலைவர் பெயரைச் சொல்லும் இடம் இரண்டாம் பகுதிக்கென்று போவாடுவின் கணினியில் இருந்தது. மறுநாளே தலைவரின் அடியாட்கள் துணியைத் தேடிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தார்கள். செர்வா சந்தைக்குப் போயிருந்தாள். அதே சடங்குத் துணியைக் கட்டிக்கொண்டு முற்றம் பெருக்கிய தங்கை மான்சா அகப்பட்டாள். அவள் வலது கையை உடைத்துவிட்டுப் போனார்கள்.

செய்தி ஆசிரியர் லாம்ப்டி அம்மாள் போவாடுவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தலைவர்கிட்டருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருச்சு. அந்தப் பொண்ணு பேச்சுதான் நம்ம கையில இருக்குற ஒரே சாட்சி. அது இல்லன்னா ஆபீசுக்குப் பூட்டுதான். போய்ச் சம்மதம் வாங்கிட்டு வா."

அதற்காகத்தான் வந்திருந்தான்.

செர்வா கடைசியில் வெளியே வந்தாள்.

"என்ன தம்பி, ஒடஞ்ச கைய நல்லாப் படம் புடிச்சுட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"மன்னிப்பு கேக்க வந்தேன்க்கா."

"ஒங்க மன்னிப்ப வெச்சு நான் மாவா ஆட்ட முடியும்? வேற என்ன?"

தலைகுனிந்தபடி, அவள் பேச்சை இரண்டாம் பகுதியில் போடச் சம்மதம் கேட்டான்.

"போடுங்க. ஆனா இந்தத் தடவ என் மூஞ்சிய மறைக்காமப் போடுங்க. பேசுனது நான்தான், இவ இல்லன்னு அவனுங்களுக்குத் தெரியட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?"

முகம் தெரியும் சாட்சி! போவாடுவின் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. அந்தத் துள்ளலுக்காக அவன் பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டான்.

"யாரக் கேட்டுப் போடச் சொல்ற?" கதவருகே மான்சா நின்றிருந்தாள், கழுத்தில் தொங்கிய மாவுக்கட்டுடன். "பேசுனது யாருடின்னு கேட்டுக் கேட்டு அடிச்சானுங்க. நான்தான்டான்னு சொன்னேன். அக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கை பொழச்சிருக்கும்."

செர்வாவுக்கே அது தெரியாது. ஆள் தெரியாமல் அடித்தார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவனுங்க என்னைய அடிச்சு ஓஞ்சாச்சு. இன்னொரு தடவ போட்டா இவளத் தேடி வருவானுங்க." மான்சா போவாடுவைப் பார்த்தாள். "நீங்க கம்ப்யூட்டர வெச்சு மறைக்க முடியாதத நான் வாயால மறைச்சிருக்கேன் தம்பி. கெடுத்துறாதீங்க."

போவாடு பையிலிருந்து கணினியை எடுத்து, அவர்கள் கண்முன்னால் அந்தப் பதிவை அழித்தான். லாம்ப்டி அம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"பைத்தியமாடா உனக்கு? அந்த ஆளு நம்மளப் பாத்துச் சிரிப்பான்!"

"சிரிக்கட்டும்மா."

"அப்ப அந்த ஆறு?"

போவாடு போனை வைத்தான். வீட்டுக்குப் பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு அலைந்து சேர்த்த செய்தி! துணியின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் போட்டிருந்தால் போதும், செய்தியும் நின்றிருக்கும், மான்சாவின் கையும் தப்பியிருக்கும்.

"அக்கா, தம்பிக்குத் தண்ணி குடு" என்றாள் மான்சா.

செர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கடையில் வாங்கிய தண்ணீர்ப் பை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆற்றங்கரை வீட்டில் குடிக்க அதுதான் இருந்தது. போவாடு மூலையைப் பல்லால் கிழித்துக் குடித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தான்.

மான்சா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, முறைப்படி கேட்டாள்.

"சொல்லுங்க தம்பி. என்ன விஷயமா வந்தீங்க?"

சொல்வதற்கு அவனிடம் இப்போது ஒரு விஷயமும் இல்லை.