நாலில் வைத்த பியானோ

எங்கள் சோபா கடையில் ஒரு பியானோ நிற்கிறது. வாசிக்க ஆள் வேண்டாம், உள்ளே மோட்டார் இருக்கிறது. ரிமோட்டை அமுக்கினால் கட்டைகள் தாமாக இறங்கி ஏறும். சத்தம் ஒன்றிலிருந்து பத்து வரை. அண்ணன் எப்போதும் ஒன்பதில் வைப்பார். தெருக்கோடி வரை கேட்க வேண்டுமாம்.

போன வாரம் ஒரு கம்பி அறுந்தது.

"இன்னொரு தடவை மக்கர் பண்ணட்டும், யாருக்காவது தூக்கிக் குடுத்துடுறேன். அந்த இடத்துல ரெண்டு சோபா போடலாம்" என்றார் அண்ணன்.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை உடனே வரச் சொன்னேன். நாள் முழுக்க மெத்தையின் அருமை பெருமைகளை அளந்துவிடும் எனக்கு, அந்தக் கடையில் விற்க வேண்டாத ஒரே பொருள் அதுதான்.

சுருதி சேர்ப்பவர் வந்து புதுக் கம்பி கட்டினார். கம்பியை அடிக்கும் குட்டிச் சுத்தியல்களைக் காட்டினார். கம்பளி உறையெல்லாம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

"ஏம்மா, இது பியானோவா, தகரப் பட்டறையா? ஒன்பதுல வச்சா இப்படித்தான் ஓங்கி ஓங்கி அடிக்கும். நாலுல வைங்க, பல வருஷம் உழைக்கும்."

வியாபாரக் குடும்பத்துப் புத்தி எங்கே போகும்? முதலில் சொல்லும் எண்ணை யாராவது அப்படியே நம்புவார்களா? அவர் தலை மறைந்ததும் ரெண்டில் வைத்தேன்.

மறுநாள் காலையில் கட்டைகள் எல்லாம் இறங்கின, பாதிக்குச் சத்தமே இல்லை. பாட்டு பொக்கை வாயாகிவிட்டது.

"முடிஞ்சுதா கதை?" என்று அண்ணன் சுமை தூக்குபவர்களுக்குப் போன் போட்டார். நான் சுருதிக்காரருக்குப் போட்டேன்.

"எதுல வச்சிருக்கீங்க?"

"ரெண்டுல."

"நாலுன்னுதானே சொன்னேன்?"

"கொஞ்சம் கூட்டித்தானே சொல்லியிருப்பீங்க சார்..."

"தாயே, நான் என்ன சோபாவா விக்கிறேன்? ரெண்டுல வச்சா சுத்தியலுக்குக் கம்பியைத் தொடவே தெம்பிருக்காது. நாலுன்னா நாலுதான்!"

நான் நாலுக்கு ஏற்றவும் ஆட்கள் இருவர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. ஒரு ஸ்வரத்தைக்கூட விழுங்காமல் பாட்டு கிளம்பியது. கிளம்பத் தயாராக நின்ற ஒரு தம்பதி, பக்கத்து சோபாவில் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"அவசரமா என்ன, கேட்டுட்டே போவோமே" என்றாள் அந்த அம்மாள். சோபாவின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பியானோவை.

"அண்ணே, இதைத்தானே தூக்கணும்?" என்றார் ஆட்களில் ஒருவர்.

"யோவ், மெதுவாப் பேசுய்யா" என்று அண்ணன் கிசுகிசுத்தார். "அதைத் தொடாத. முன்னாடி நிக்குது பாரு அலமாரி, அதை ஓரமாத் தள்ளு. உக்காந்திருக்கவங்களுக்கு மறைக்குது."