நிழலுக்கு நகர்ந்த வண்டி

வாடகை வண்டிக்காரர் சாவியை இவரிடம்தான் நீட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கணவன், மனைவி, வளர்ந்த மகள் என்று மூன்று பேர் போய் நிற்கிறோம். ஏழு பேர் உட்காரும் வண்டியின் சாவியை வேறு யாரிடம் கொடுப்பார்? இவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஒருமுறை குலுக்கினார். பிறகு என் பக்கம் நீட்டி, "ஓட்டப்போறது இவங்க" என்றார். சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது, கண்வரை ஏறவில்லை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராக வண்டி ஓட்டியவர் இவர். டாக்டர்களின் அறைக்கு வெளியே காத்திருந்த நேரம் போக, மிச்ச வாழ்க்கையெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலிப்பு. அடுத்த மாதமே இன்னொன்று. "மாத்திரைய ஒழுங்காப் போடுங்க, பயப்பட ஒண்ணுமில்ல. வண்டிய மட்டும் தொடாதீங்க. ஒரு வருஷம் போகட்டும், பாக்கலாம்" என்றார் டாக்டர். அந்தப் 'பாக்கலாம்' எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கமான சொல். மருந்தைக் காட்டும்போதெல்லாம் டாக்டர்களிடம் இவருக்குக் கிடைத்த பதில் அதுதான். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். படத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பவர்களிடம் தினமும் அதைத்தான் சொல்கிறேன். கம்பெனி இவரை ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, போனில் பேசச் சொன்னது. வீட்டு வண்டியை இவரே விற்றார். "வாசல்ல நின்னா கை சும்மா இருக்காது" என்று மட்டும் சொன்னார்.

மகளுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்தது, இரண்டு நாள் பயணத் தொலைவில் இருந்த ஒரு கல்லூரியில். மெத்தை, சைக்கிள், ஆள் உயரத்துக்கு ஒரு வரைபலகை. ரயிலில் போனால் பாதியை விட்டுவிட்டுப் போக வேண்டும். "பெரிய வண்டியா வாடகைக்கு எடுப்போம். நீ ஓட்டு" என்றார் இவர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் ஓட்டியதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. நெடுஞ்சாலையில் ஏறியதே இல்லை. ஆனால் அதைச் சொன்னவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

முதல் நாள் அந்த வண்டிக்குள் இருந்தது, தெரியாத வீட்டில் விருந்தாளியாகத் தங்கியதுபோல இருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியவில்லை. சீட் இடுக்கில் யாரோ சாப்பிட்ட பிஸ்கட் தூள். ஜன்னலில் ஒரு குழந்தை ஒட்டி, பாதி கிழித்த நட்சத்திரங்கள். வாந்தி எடுத்த இடத்தை சென்ட் அடித்து மறைத்திருந்தார்கள். வெயில் ஏற ஏற சென்ட் தோற்றது. அதைவிடப் பெரிய தொல்லை வண்டி போட்ட சத்தம். பெல்ட் போடாவிட்டால் கத்தும், கதவு சரியாக மூடாவிட்டால் கத்தும், கோட்டைத் தாண்டினால் கத்தும், யாராவது பக்கத்தில் வந்தால் கத்தும். "எதுக்கெடுத்தாலும் குறை சொல்லுது. இதுக்கு மாமியார்னு பேர் வெச்சுடலாம்" என்றாள் மகள். "எங்கம்மாவே இவ்ளோ சொன்னதில்ல" என்றார் இவர். மூன்று பேரும் சிரித்தோம். மறுநாள் மதியத்துக்குள் தண்ணீர் பாட்டிலுக்கு ஓர் இடம், பழத்தோல் போடும் பைக்கு ஓர் இடம், ஈரத் துண்டு காயக் கடைசி ஜன்னல் என்று எல்லாம் அமைந்து, வண்டி வீடாகிவிட்டது. ஒரு வீட்டுக்கு வேண்டிய சண்டையும் சேர்ந்து வந்தது.

இவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டினார். அப்படித்தான் சொல்ல வேண்டும். "லாரிக்கு வழி விடு... இப்ப ஏறு, ஏறு... ஏன் பிரேக்க மிதிக்கற?" அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. நான் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கு 'இப்ப விடுங்க' என்று சொல்ல நான் இருக்கிறேன். எனக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு வளைவில் பொறுக்க முடியாமல், "கொஞ்சம் பேசாம வாங்களேன்! எனக்குக் கண்ணு இருக்கு" என்று கத்திவிட்டேன். பேசாமல் வந்தார். கல்லூரி வாசல்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினதே மேல் என்று தோன்றியது.

விடுதி மாடிப்படியில் மகள் என்னை மட்டும் நிறுத்தி, "திரும்பிப் போறப்ப அப்பாகிட்ட கத்தாதம்மா. அவரு பாவம்" என்றாள். இரண்டு படி ஏறிப்போய்த் திரும்பினாள். "நீயும் பாவம்தான்."

திரும்பும் வழியில் வண்டி காலிப் பானைபோல ஒலித்தது. பின்னால் சுமை இல்லாமல் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போட்டது. இவர் வெளியே பார்த்தபடி வந்தார். ஏதாவது சொல்ல வாயெடுப்பதும் அடக்கிக்கொள்வதும் எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. மதியம் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை இருந்தது. "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். வண்டியில தண்ணி பாட்டில் இருக்கு, எடுத்து வெச்சுக்கங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது வண்டியைக் காணோம்.

ஏசி சொட்டிய ஈரம் மட்டும் சிமென்ட் தரையில் கிடந்தது. வெயில் அதன் ஓரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் வேறு பங்குக்கு வந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பிறகு நெடுஞ்சாலையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. விபத்தில் அடிபட்டவர்களை எந்தெந்த நிலையில் என் மேஜைக்குக் கொண்டுவருவார்கள் என்பதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பெட்ரோல் போடுகிறவரிடம் ஓடினேன். "வெள்ளையா, பெரிய வண்டி..." அவர் குழாயைப் பிடித்தபடியே கட்டடத்துக்குப் பின்பக்கம் முகத்தைக் காட்டினார். "அங்க போச்சும்மா."

பின்னால் மரங்களின் கீழே லாரிகள் நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவில், நூல் பிடித்ததுபோல நேராக, பின்பக்கமாகப் போட்டிருந்தது எங்கள் வண்டி. அப்படி நிறுத்த எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. எஞ்சின் அணைந்திருந்தது. ஓட்டுநர் சீட்டில் இவர், இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல்.

"வெயில்ல கெடந்துச்சு. நீ வந்து உக்காந்தா சுடுமேன்னு..." என்றார்.

"நடுவுல உங்களுக்கு வந்திருந்தா?"

"வரலையே."

"வந்திருந்தா?"

"அதான் வரலையே! இந்தா இருக்கற எடம். கொல்லைக்கு வர்ற மாதிரி."

நான் பக்கத்து லாரியைக் காட்டினேன். அதன் அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒருவர் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கால்கள் நிழலைத் தேடி எங்கள் வண்டிப் பக்கம் நீண்டிருந்தன. பாதத்துக்கும் எங்கள் டயருக்கும் இடையில் ஒரு முழம் இருக்கலாம். "அவரப் பாத்தீங்களா?"

இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். பார்த்தவர் தலையை உள்ளே இழுக்க வெகுநேரம் ஆயிற்று. பார்க்கவில்லை என்பது சொல்லாமலே தெரிந்தது. நல்ல உடம்போடு இருப்பவர்கூடப் பார்க்காமல் விட்டிருக்கலாம். அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கை மறந்துடுச்சான்னு பாக்கணும்போல இருந்துச்சு" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன். "மறந்துடுச்சா?"

"இல்ல. அதான் கஷ்டமா இருக்கு."

லாரிக்கு அடியில் இருந்தவர் புரண்டு, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இவர் இறங்கினார். இறங்கியவர் உடனே நகரவில்லை. குனிந்து, தன் உயரத்துக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்த சீட்டை என் காலுக்கு எட்டும்படி முன்னுக்கு இழுத்தார். கண்ணாடியையும் என் கண்ணுக்குத் தகுந்தபடி திருப்பினார். நான் ஏறி உட்கார்ந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிறகு முன்கதவைத் திறக்காமல், மகள் உட்கார்ந்துவந்த பின்சீட்டுக்குப் போனார்.

"ஏன் அங்க?"

"முன்னாடி உக்காந்தா உன் ரோட்ட நான் ஓட்டிடறேன்."

சாப்பாடு வேண்டுமா என்று கேட்டேன். பசியில்லை என்றார். எனக்கும் இல்லை.

மலைப்பாதை தொடங்கும்போது மழை பிடித்தது. எனக்கு முன்னால் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு அதன் பின்னாலேயே போனேன். பின்சீட்டிலிருந்து ஒரு குரலுக்காக என் காது காத்திருந்தது. வரவில்லை. பாதை நேரான ஓர் இடத்தில், எதிரே யாரும் இல்லை என்று பார்த்து, ஹாரன் அடித்து, தாண்டினேன். தாண்டி முடித்த பிறகுதான் மூச்சை விட்டது தெரிந்தது. அப்போதும் பின்னால் சத்தமில்லை. தூங்கிவிட்டாரா? இல்லை, மறுபடியும் அதுவா? "என்னங்க?" என்றேன்.

"ம்? இருக்கேன்." தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். பெல்ட்டைப் போட்டபடியே உடம்பை முறுக்கிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல... ரோடு இப்படிப் பின்னால போறத நான் உக்காந்து பாத்ததே இல்ல. நாம வந்த வழி இவ்ளோ நல்லாவா இருந்துச்சு?"

"கண்ணாடியெல்லாம் தண்ணியா இருக்குமே, என்ன தெரியும்?"

"கொஞ்சம் தெரியுது."

பின் கண்ணாடியைத் துடைக்க ஏதோ பொத்தான் இருக்க வேண்டும். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் தேடினேன். முதலில் விளக்கு எரிந்தது. அப்புறம் எங்கிருந்தோ தண்ணீர் பீய்ச்சியது. மூன்றாவது தடவை, பின்னால் வைப்பரின் சிறிய கை எழுந்து, கண்ணாடியில் அரைவட்டமாக வழித்துவிட்டுப் படுத்தது. அந்த அரைவட்டத்துக்குள் இவருடைய பின்தலையும், அதற்கு அப்பால் நாங்கள் ஏறிவந்த சாலையும் தெரிந்தன. கீழே வெகுதூரத்தில் அந்த மரக்கட்டை லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வளைவில் திரும்பியது. மழை மறுபடியும் கண்ணாடியை மூடியது. கை மறுபடியும் எழுந்தது.