முனிக்கு ஒரு கிளை

பெரம்பூரில் பாலம் கட்டப் புளியமரத்தை வெட்டியபோது, அதில் குடியிருந்த முனி மோனிக்காவின் கைப்பைக்குள் குதித்துத் தப்பியது பழைய கதை. மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறாத பெண்ணுக்கு இந்தச் சகவாசம் தேவையா என்று கேட்காதீர்கள். அந்த மரத்தடியில்தான் அவள் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பாவும் போய்விட்டார், கடையும் போய்விட்டது. அந்த மூலையைப் பற்றிப் பேச அவளுக்கு மிச்சம் முனி ஒன்றுதான்.

இப்போது அவளுக்கு வேலை மலேசியாவில், பினாங்கில். கெலுகோர் மாடிவீட்டில், கறிவேப்பிலைத் தொட்டிக்குள் முழங்காலை மடக்கி முனி உட்கார்ந்திருந்தது. பனை உயரம் இருந்த ஆள், மரமில்லாமல் கரைந்து ஒரு முழத்துக்கு வந்துவிட்டது.

“பாப்பா, சீக்கிரம் ஒரு மரம் பாரு. இல்லாங்காட்டி நான் காலி.”

தண்ணீர்மலைப் பக்கம் ஒரு ஆலமரம் கிடைத்தது. அடியில் சிவப்புப் பெயின்ட் அடித்த குட்டிக் கோயில். யாரோ பெரியவர் குடியிருக்கிறார், மரியாதை செய்துவிட்டுக் கேட்போம் என்று மோனிக்கா பெரம்பூர் வழக்கப்படி ஒரு குவார்ட்டரும் சுருட்டும் வைத்தாள். மரத்தில் ஏறிய முனி அடுத்த நொடியே பைக்குள் வந்து விழுந்தது. பார்த்தால் சாண் உயரம்தான்.

“தொரத்திட்டாரு பாப்பா,” என்றது முனி.

கீழ்வீட்டு ஆலிஸ் அக்கா கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “அது டத்தோ சாமிலா. மலாய்க்கார முஸ்லிமு. அவருகிட்ட போயி சாராயம் வெச்சியா? கோப்பியும் வெத்தலையும் வெச்சு மன்னிப்பு கேளு, போ.”

மறுநாள் கோப்பி வைத்ததும், சொங்கோக் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் வேரில் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்ட முனியைப் பார்த்து, உன் மரம் எங்கே என்று மலாயில் கேட்டார். முனிக்கு எப்படிப் புரிந்ததோ, சென்னைத் தமிழில் பதில் சொன்னது. அவரும் தலையாட்டினார்.

“சைக்கிள் கடை அண்ணாத்தை இருந்தாரு சார். வீலுக்குக் கோட்டம் எடுத்து முடிச்சதும் ஒருவாட்டி பெல் அடிப்பாரு. நான் ஒரு பழம் போடுவேன். இந்தப் பொண்ணு ஓடியாந்து பொறுக்கித் துன்னும்.”

மோனிக்கா முனியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பழங்கள் காற்றில் விழுந்தவை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

டத்தோ தானும் ஒரு மரத்தை வீடு கட்டுபவர்களிடம் இழந்துதான் இங்கே வந்ததாகச் சொன்னார். பிறகு கோப்பியில் பாதியைத் தட்டில் ஊற்றி முனியிடம் நீட்டிவிட்டு, கிழக்குக் கிளையைக் காட்டினார். முனி ஏறியது, மளமளவென்று பனை உயரத்துக்கு வளர்ந்தது. பிழைத்துக்கொண்டது.

சந்தோஷம்தான். ஆனாலும் காலிப் பையைத் தோளில் மாட்டியபோது அழுகை வந்தது. இனி வீட்டில் அப்பாவைப் பற்றி யாரிடம் பேசுவது?

சாலையில் யாரோ சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டு போனார்கள்.

ஆலமரத்திலிருந்து ஒரு புளியம்பழம் அவள் காலடியில் விழுந்தது.